பல்லைப் பிடுங்கிய அன்றே சொல்லியிருக்கலாம்

இன்றோடு பதினாறு நாட்களாக நான் மூக்கைச் சிந்தவில்லை. சிந்தக் கூடாது என்று உத்தரவு. தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயை அகலத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாது. தெருமுனை இளநீர்க்காரர் வழக்கம்போல ஸ்ட்ராவைச் செருகி நீட்டினார். வேண்டாம், டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள் என்றேன். சளியா என்று கேட்டார். இல்லை, பல் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பல்லுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று போன மாதம் வரை எனக்கும் தெரியாது.

2014-இல் வலது மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். நானூறு ரூபாய். பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள், இன்று சூடாக எதுவும் வேண்டாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார்கள். மறு பேச்சில்லை. உள்ளே இருக்கிற பல்தானே, சிரித்தால் தெரியவா போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து, இடது பக்கமே மென்று மென்று அலுத்துப்போய், இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் ஒரு திருகை இறக்கி அதன் மேல் பல் கட்டுவது, வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். ஸ்கேன் எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார் மருத்துவர். அந்த இடத்தில் எனக்கு மீதி இருந்த எலும்பின் உயரம் 3 மில்லிமீட்டர். வைக்க நினைத்த திருகின் நீளம் 10 மில்லிமீட்டர். ஆணி அடிக்கச் சுவரே இல்லை.

பல்லைத் தாங்குகிற தாடை எலும்பு, பல் இருக்கும்வரைதான் அங்கே இருக்கும். மெல்லும்போது வேர் வழியாக இறங்குகிற அழுத்தம்தான் அதற்கு வேலை. பல் போனதும் வேலை இல்லை. உடம்பு அந்த எலும்பைக் கரைத்துவிடுகிறது. முதல் வருடத்திலேயே அகலத்தில் பாதி வரை போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். மேல் கடைவாயில் இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே பல் வேர்களுக்கு நேர் மேலே சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. வேர் போனபின் அந்த அறை மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து எலும்பு தேய, மேலிருந்து காற்று இறங்க, எனக்கு மிச்சம் 3 மில்லிமீட்டர். பல் போனால் சொல் போகும் என்பார்கள். என் விஷயத்தில் பல் எனக்குப் போனது, சொல் போனது பிடுங்கியவருக்கு.

எனவே முதலில் நிலத்தைச் சீர்படுத்தும் அறுவை சிகிச்சை. சைனஸ் லிஃப்ட் என்று பெயர். ஈறை விலக்கி, மேல் தாடையின் பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கிறார்கள். உள்ளே சைனஸை மூடியிருக்கும் சவ்வு, வேகவைத்த முட்டையின் ஓட்டுக்குள் ஒட்டியிருக்குமே, அந்தத் தோலைப் போல மெல்லியது. அதைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் உண்டாகும் இடத்தில் எலும்புத் துகளை நிரப்பித் தைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் மூக்கில் லேசாக ரத்தம் வந்தது. பயப்படாதீர்கள், வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. முன்பே சொல்வதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அந்தச் சவ்வு பிய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மூக்குக்கு இவ்வளவு கட்டுப்பாடு. இனி துகள் எலும்பாக இறுக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அப்புறம்தான் திருகு. அது எலும்போடு சேர இன்னும் மூன்று நான்கு மாதம். அதற்குப் பிறகுதான் மேலே கேப். நானூறு ரூபாயில் முடிந்ததாக நான் நினைத்த விஷயம் இது.

அந்தத் துகள் எதனால் ஆனது என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். என் அக்காவால்தான் கேட்டேன்.

அக்கா முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். மூன்று வருடம் முன்பு அவருக்குக் கீழ்த்தாடையில் எலும்பு அகலம் போதவில்லை என்று எலும்பு ஒட்டு வைத்தார்கள். நன்றாகவே ஆறியது, திருகும் வைத்தாயிற்று. பிறகு ஒருநாள் பேரன் அவருடைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவன், ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, பாட்டி, இது மாட்டெலும்பு என்று சொல்லிவிட்டான். கையெழுத்து வாங்கிய படிவத்திலும் அது ஆங்கிலத்தில் இருந்தது, நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில். அக்கா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், “கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே” என்றார்.

மாட்டெலும்பு கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பிப் பயன்படுத்துவது அது. உயிர்ப்பொருள் எல்லாவற்றையும் நீக்கிச் சுத்திகரித்து, தாதுக் கூட்டை மட்டும் துகளாக்குகிறார்கள். அது மிக மெதுவாகத்தான் கரையும் என்பதால், நம் எலும்பு வளர்ந்து சேரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது உண்மையில்லை. நோயாளியின் முகவாயிலிருந்தோ ஞானப்பல்லுக்குப் பின்னாலிருந்தோ சொந்த எலும்பையே எடுக்கலாம். இன்னொரு காயம் ஏற்படும், அவ்வளவுதான். தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய மனித எலும்பு உண்டு. கால்சியம் பாஸ்பேட் வகையில் ஆலையில் செய்த செயற்கைத் துகளும் உண்டு. துகளின் மேலே போர்த்துகிற, கொலாஜன் என்கிற புரதத்தால் ஆன தாளையும் சேர்த்துக் கேளுங்கள், அது பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. சைவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இது சாதாரணக் கேள்வியில்லை. ஹோட்டலில் ஆம்லெட் போட்ட கல்லில் தோசை வார்த்தார்களா என்று விசாரிக்கிற ஊரில், வாய்க்குள் நிரந்தரமாக வைப்பதைக் கேட்காமல் வைத்துவிடுகிறார்கள். நான் கேட்டதும் என் மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. நான்கு வகையையும் சொல்லி, எது எவ்வளவு காலம் நிற்கும், எது எவ்வளவு செலவு என்று பொறுமையாக விளக்கினார். சொந்த எலும்பைக் கொஞ்சம் சுரண்டிச் செயற்கைத் துகளோடு கலந்து வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடப் பேச்சு. அக்காவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தானா “ஒரே நாளில் பல்” விளம்பரம் என் கண்ணில் பட வேண்டும்? அது பொய் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நல்ல கெட்டியான எலும்பு இருந்து, திருகு ஆடாமல் இறுகினால், அன்றே தற்காலிகப் பல் மாட்டலாம்தான். எலும்பு இருந்தால் என்கிற அந்த ஒரு வார்த்தைதான் விளம்பரத்தில் இல்லை. இந்தத் திருகு வைத்தியத்துக்கு வழி திறந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க். அவர் 1950களில் முயல் காலெலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. அங்கே ஆரம்பித்த ஆராய்ச்சி, 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதல் திருகுகளாக முடிந்தது. 2006-இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை உழைத்தன. அன்றைய முறையில் திருகை ஈறுக்கு அடியில் புதைத்துவிட்டு மாதக்கணக்கில் தொடாமல் விடுவார்கள். இன்று அவசரப்படக் கற்றுக்கொண்டிருக்கிறோம். எலும்பு கற்றுக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் தோழியின் மகளிடம் கொட்டினேன். அவள் பல் மருத்துவர், சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறாள். சிரித்தாள். “அத்தை, ராத்திரி முழுக்கத் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம், பல்லைப் பிடுங்கிய குழியில் எலும்புத் துகள் வைக்கலாம், இத்தனை ஆயிரம் ஆகும் என்று சொன்னால், பணம் பறிக்கிறாள் என்று எழுந்து போய்விடுவார். அடுத்த தெருவில் போய்ப் பிடுங்கிக்கொள்வார்” என்றாள். அது நியாயம்தான். எல்லாக் குழிக்கும் துகள் தேவையும் இல்லை. ஞானப்பல்லுக்கு வேண்டாம். துகள் வைத்தாலும் எலும்பு தேய்வது குறையுமே தவிர முழுவதும் நிற்காது. பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டுகிற பிரிட்ஜோ கழற்றி மாட்டும் பல்லோ போதும் என்கிறவருக்கு இந்தச் செலவு அநாவசியம். நானே 2014-இல் அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பேனா என்றால், சந்தேகம்தான்.

இருந்தாலும் சொல்லியிருக்கலாம். “இந்த இடத்தில் பிற்பாடு பல் கட்டுகிற எண்ணம் இருந்தால் சீக்கிரம் வாருங்கள், எலும்பு காத்திருக்காது.” இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்ன நேரத்தில் இதையும் சொல்லியிருக்கலாம். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருந்துச் சீட்டின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரி அச்சடித்துக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு பணம் செலவழிப்பதும் விடுவதும் என் பாடு.

நம் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கொஞ்சம் கவனியுங்கள். எலும்பு மெலிவுக்கு வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற ஊசி ஒன்று உண்டு. தினமும் விழுங்குகிற மாத்திரையைச் சொல்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை போட்டதை மறந்துவிடுகிறோம். அந்த வகை மருந்து உடம்பில் இருக்கும்போது தாடையில் கத்தி வைத்தால், அபூர்வமாக, அந்த இடம் ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம். 2003 முதல் இப்படிப்பட்டவை மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகின்றன. பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, புகை இரண்டையும் மறைக்காதீர்கள். இரண்டுமே ஒட்டு வைத்த எலும்பைப் பிடிக்க விடாமல் செய்யலாம்.

நேற்றிரவு தம்பி போன் செய்தான். மேல் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதாம், பிடுங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். எலும்பைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். “பல்லைத்தானே அக்கா பிடுங்குகிறார்கள், எலும்பு எதற்கு?” என்றான். நாளை காலை பத்து மணிக்கு அவனுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.