வீட்டில் படிக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்

கல்லூரி மாணவர்களுக்கு நேரத்தைச் சரியாகச் செலவிடத் தெரியவில்லை என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் சேர்ந்திருக்கும் எங்களைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சு அல்ல என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, ஓராண்டுப் படிப்புக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) என்று வகுத்திருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு 600 மணி நேரம். வகுப்பு, செய்முறை, வீட்டில் படிப்பது எல்லாம் இதில் அடக்கம். செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் என்று கொண்டால், வகுப்பில் ஐந்து மணி நேரம் போக, வீட்டில் படிக்க வேண்டியது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காகிதத்தில் இது யாருக்கும் பாரமாகத் தெரியாது.

ஆனால் எங்கள் சித்தூர் வட்டத்தில் பல வீடுகளுக்குப் பால்தான் அன்றாட வருமானம். விடிவதற்கு முன் எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, கறந்த பாலை நேரம் தப்பாமல் சொசைட்டியில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் குளித்துப் புறப்பட முடியும். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறுபடி கறவை. அதோடு பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள், மலையாளத்தில் நடக்கும் விளக்கத்தைக் கேட்டு, ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து, ஆங்கிலத்திலேயே தேர்வெழுத வேண்டும். மற்றவர்கள் ஒரு மூச்சில் படித்துவிடும் பக்கத்துக்கு எங்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

இருக்கிற நேரத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதில் எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களும், வாசித்த பின் அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. காலை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது புத்தகத்தைத் திறக்க வழியில்லை. ஆனால் முந்தைய நாள் வகுப்பில் என்ன நடந்தது, எந்த வரையறைக்கு என்ன எடுத்துக்காட்டுச் சொன்னார்கள் என்று மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்க்க முடியும். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்தை மட்டும் இரவில் புத்தகத்தில் பார்த்தால் போதும். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை.

தூக்கத்தைக் குறைத்து நேரம் தேடுவதை நான் ஏற்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விடியுமுன் எழுகிறவர்கள் நடுஇரவு வரை விழித்தால் அது மறுநாள் வகுப்பிலேயே தெரிந்துவிடும்.

மாணவர்கள் தாங்களாகச் சரிசெய்துகொள்ள முடியாத ஒன்றும் இருக்கிறது. 2024-இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரியிலேயே நடக்கும் மதிப்பீட்டுக்கு உரியது. அசைன்மென்ட், செமினார், வகுப்புத் தேர்வு மூன்றையும் எல்லாத் துறைகளும் ஒரே வாரத்தில் கேட்டால், எவ்வளவு திட்டமிட்டுப் படிப்பவரும் தடுமாறுவார். செமஸ்டர் தொடக்கத்திலேயே துறைகள் கூடிப் பேசி, தேதிகளைப் பிரித்து வைத்து, ஒரே அட்டவணையாக ஒட்டினால் பாதிச் சுமை இறங்கிவிடும். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்கு அரசு உள்ளூர் விடுமுறை தருகிறது. மறுநாள் மாட்டுப் பொங்கலன்று மாடு வளர்க்கும் எங்கள் வீடுகளில் வேலை இன்னும் அதிகம் என்பதால், அன்று இன்டர்னல் தேர்வு எதுவும் வைக்காதிருக்க வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.