நல்லி எலும்பும் ஜப்பான் கத்தியும்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். கூடவே ஒரே வரி: "மாப்ள, உங்க ஜப்பான் கத்தி லட்சணத்தைப் பாருங்க."

கையுறை போட்ட ஒருவர் மெல்லிசான சமையல் கத்தி ஒன்றை எடுத்து முதலில் தக்காளி நறுக்குகிறார். அப்புறம் அதே கத்தியால் ஆணியை வெட்டுகிறார், சிமெண்ட் கல்லில் கொத்துகிறார், கடைசியில் வைஸில் (பட்டறை மேஜையில் இருக்கும் இரும்புப் பிடிப்பு) மாட்டி முதுகில் சம்மட்டியால் போடுகிறார். நாலாவது அடியில் கத்தி இரண்டு துண்டு. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்'. அடுத்து, கால் அங்குலம் கனமுள்ள ஒரு காட்டுக் கத்திக்கும் அதே அடி. அது அசரவில்லை. பாஸ்.

மச்சானின் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், கறி வெட்டித் தருகிறேன் பேர்வழி என்று என் கத்தியை எடுத்து நல்லி எலும்பின் மேல் ஒரே போடாகப் போட்டார். எலும்பு பாதி பிளந்தது. கத்தியின் வாயில் பிறை நிலா மாதிரி ஒரு துண்டு காணோம். ஸ்கேல் வைத்து அளந்தேன், மூன்று மில்லிமீட்டர் ஆழம். அந்தத் துண்டைத் தேடி என் மனைவி மொத்தக் கறியையும் மூன்று தடவை அலசியது தனிக் கதை. மச்சான் கொஞ்சமும் அசராமல், "இவ்வளவு காசு குடுத்து வாங்கின கத்தி ஒரு எலும்பைத் தாங்கலைன்னா அது என்ன கத்தி?" என்றார். அன்றிலிருந்து நடக்கும் வழக்கில் நேற்றுதான் அவருக்குச் சாட்சி கிடைத்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

முதலில் ஒன்று. உடைத்துப் பார்ப்பதற்கு நான் எதிரி இல்லை. என் பிழைப்பே அதுதான். ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது உருக்கை உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறேன். தினமும் பத்துப் பதினைந்து போல்ட்டையாவது மெஷினில் மாட்டி இழுத்துப் பிய்ப்பேன். போல்ட் அறுகிற அந்த 'டப்' சத்தம் புதிதாக வருகிறவர்களைத் தூக்கிப் போடும், எங்களுக்கு அது டீ நேரம் மாதிரி. வீடு கட்டியவர்களுக்கு கியூப் டெஸ்ட் தெரிந்திருக்கும். கான்கிரீட் கலக்கும்போதே 150 மில்லிமீட்டர் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, 28-வது நாள் நசுக்குவார்கள். ஒரு கட்டியை நசுக்கித் தீர்ப்பு எழுதுவதில்லை. மூன்றை நசுக்கிச் சராசரி எடுப்பார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் அந்த ரிசல்ட்டே செல்லாது. யாரும் அந்தக் கட்டியை முறுக்கிப் பார்ப்பதில்லை, சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இல்லை. தூண் எப்படிப்பட்ட பாரத்தைச் சுமக்கப் போகிறதோ அந்த மாதிரியே அழுத்துகிறார்கள்.

சரி, சமையலறைக் கத்தி எப்படிச் சாகிறது? உங்கள் வீட்டில் இதுவரை குப்பைக்குப் போன கத்திகளை நினைத்துப் பாருங்கள். முறிந்தது எத்தனை? பிடி கழன்றது ஒன்றிரண்டு இருக்கும். மற்றதெல்லாம் மழுங்கி மழுங்கி, சாணைக்காரரிடம் தேய்ந்து தேய்ந்து போனவைதான். இந்தச் சாவை அளக்க ஒரு மெஷினே இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கேட்ரா என்று கத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிறுவனம் 1952-இலிருந்து நடக்கிறது. அவர்கள் மெஷினில் கத்தியின் வாய் மேல் பார்க்க இருக்கும். அதன் மேல் ஒரு கட்டு அட்டையை 50 நியூட்டன் விசையில், நம் கணக்கில் ஐந்து கிலோ பாரத்தில், அழுத்துவார்கள். கத்தி 40 மில்லிமீட்டர் போய்த் திரும்பும். இப்படி 60 தடவை. மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை வெட்டுப்பட்டது என்பதுதான் மார்க். ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரநிலை இது. அட்டையில் 5 சதவீதம் சிலிக்கா, அதாவது மணல் சரக்கு, கலந்திருக்கும். வாயைத் தேய்த்து ஒழிக்கவே அந்த மணல்.

கவனியுங்கள், இதுவும் அழித்துப் பார்ப்பதுதான். அந்த 60 தடவை முடிந்தபின் அந்தக் கத்தியால் தக்காளித் தோலைக் கீறுவதே பாடு. ஆனால் வீட்டில் நாளடைவில் எப்படிக் கெடுமோ அந்த வழியிலேயே கெடுத்துப் பார்க்கிறார்கள். சம்மட்டிக்காரர் செய்வது, டைப்ரைட்டிங் பரீட்சைக்கு வந்தவரைக் கிணறு வெட்டச் சொல்வது போல.

இப்போது அந்தக் கால் அங்குலக் காட்டுக் கத்தி விஷயம். தகடு எதுவானாலும் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். வைஸில் மாட்டி வளைக்கும்போது மூன்று மில்லிமீட்டர் கத்தியும் ஆறு மில்லிமீட்டர் கத்தியும் ஒரே போட்டியில் இல்லவே இல்லை. இன்னொன்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். கனமும் வடிவமும் ஒன்றானால், கத்தி செய்கிற ஸ்டீல் எதுவானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். துவைச்சல் போட்டாலும், அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினாலும், போடாவிட்டாலும் அது மாறாது. துவைச்சலால் மாறுவது, வளைத்துவிட்டால் திரும்புமா, வளைந்தே நிற்குமா, பட்டென்று முறியுமா என்பது மட்டும். மீன் தோல் உரிக்கும் மெல்லிய கத்தியை வில்லாக வளைத்து விட்டால் திரும்பி வந்துவிடும். அதை வைத்து 'ஆகா என்ன ஸ்டீல்' என்று சொல்பவர் பாராட்டுவது அதன் மெலிவைத்தான்.

ஜப்பான் சமையல் கத்திகளின் கடினம் பெரும்பாலும் ராக்வெல் என்ற அளவுக் கணக்கில் 60-க்கு மேல். ஐரோப்பியக் கத்திகள் 56, 58 பக்கம். கடினம் அதிகம் என்பதால் வாயை ரொம்ப மெல்லிசாகத் தீட்டலாம், அந்தக் கூர் ரொம்ப நாள் நிற்கும். அதற்குக் கொடுக்கிற விலை, பக்கவாட்டில் திருகினாலோ எலும்பில் பட்டாலோ பல் விழும். பீங்கான் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கை தவறித் தரையில் விழுந்தாலே போச்சு. சம்மட்டி வீடியோவில் அது முதல் நொடியில் ஃபெயில். ஆனால் மாதக்கணக்கில் தீட்டாமல் வெண்டைக்காய் நறுக்கலாம். எங்கள் ஊர்ப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த அருவாளைக் கொடுத்தால் அதே வீடியோவில் நூற்றுக்கு நூறு வாங்கும். மச்சான் அந்த அருவாளால் எனக்கு ஒரு தக்காளியைச் சாலட்டுக்கு நறுக்கிக் காட்டட்டும், நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் முறித்துப் பார்ப்பதே வீண் வேலையா? அங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு பரீட்சை இருக்கிறது. அமெரிக்காவில் கத்தி அடிக்கும் கொல்லர்களுக்கு அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்று ஒரு சங்கம் உண்டு, 1976-இல் தொடங்கியது. அதில் ஜர்னிமேன் என்ற பட்டம் வாங்க, தானே அடித்த ஒரு கத்தியோடு ஒரு மாஸ்டர் கொல்லர் முன்னால் போய் நிற்க வேண்டும். கத்தியின் அலகு 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முதலில், தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கயிறு கீழே கட்டியிருக்காது, அதனால் மழுங்கல் கத்தி என்றால் கயிறு தள்ளிக்கொண்டு போகுமே தவிர அறுபடாது. அடுத்து 'டூ பை ஃபோர்' எனப்படும் கட்டுமான மரக்கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். வாயில் பல் விழக் கூடாது, மடங்கக் கூடாது. அதன்பின், கட்டை வெட்டிய அதே வாயால் கை முடியைச் சிரைத்துக் காட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபிறகுதான் வைஸ். 90 டிகிரி வளைக்க வேண்டும். வாய்ப்பக்கம் கொஞ்சம் விரிசல் விடலாம், கத்தி இரண்டாக முறியக் கூடாது. மாஸ்டர் பட்டத்துக்கும் இதே பரீட்சைதான், ஆனால் குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸ் கத்தியில், அதாவது உருக்கை அடுக்கடுக்காக ஒட்ட அடித்துச் செய்த கத்தியில்.

முதலில் வெட்டு, கடைசியில் வளைப்பு. இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டையை வெட்ட வாய் கடினமாக இருக்க வேண்டும், வளைய முதுகு இளக்கமாக இருக்க வேண்டும். ஒரே கத்தியில் இரண்டையும் கொண்டுவருகிற நெருப்புக் கை இந்த ஆளுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கே பரீட்சை எழுதுவது கொல்லர், கத்தி அவருடைய விடைத்தாள். விதி எல்லோருக்கும் முன்பே தெரியும், வளைந்த கத்தியை யாருக்கும் விற்கப்போவதும் இல்லை. இதில் எனக்கு ஒரே ஒரு குறை. இந்தப் பரீட்சைக்கென்றே முதுகைக் கூடுதலாக இளக்கிச் செய்த கத்தி, தினசரி வேலைக்கு ஆகச் சிறந்த கத்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பக்கவாட்டில் ஒரு நெம்பு நெம்பினால் அது முறியாது, வளைந்தே நின்றுவிடும். காட்டுக்குள் வளைந்த கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிற கொல்லர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

சம்மட்டி வீடியோக்களில் எனக்கு உண்மையாகவே வயிறு எரிவது வேறு இடத்தில். கத்தி முறிந்ததும் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கத்திக்குப் போய்விடுகிறார்கள். முறிந்த முகத்தைப் பார்ப்பதே இல்லை! நெல்லை அறுத்துக் களத்தில் கொட்டிவிட்டு வைக்கோலை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவார்களா?

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களிடம் ஒரு லாட் போல்ட் வந்தது. உலையின் தெர்மோகப்பிள் வெப்பத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது, சரக்கு தேவைக்கு மேல் சூடாகிவிட்டது. ராக்வெல் மெஷினில் வைத்தால் கடினம் சரியாக இருக்கிறது. பேப்பர்படி பாஸ். ஆனால் எங்கள் சூப்பர்வைசர், ஐம்பது வயதுக்காரர், மெஷினை விட மூக்கை நம்புகிறவர், ஒன்றை வைஸில் மாட்டிச் சுத்தியலால் தட்டினார். பட்டென்று போய்விட்டது. முறிந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். சர்க்கரையைக் கொட்டியது போல மினுமினுவென்று பொடிப்பொடியாக மின்னியது. நல்ல சரக்கு முறிந்தால் அப்படி மின்னாது, சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி மாதிரி மழுமழு என்று இருக்கும். ஸ்டீலுக்குள் இருக்கும் படிக மணிகள் பெருத்துப் போனால்தான் அந்த மினுக்கல். உலை சூட்டின் கதை அந்த ஒரு துண்டில் இருந்தது. கத்தி அடிக்கும் கொல்லர்களும் விற்கப்போகிற கத்தியில் கை வைக்காமல், அதே ஸ்டீலில் ஒரு சின்னத் துண்டை அதே சூட்டில் துவைச்சல் போட்டு முறித்து இதைத்தான் பார்க்கிறார்கள்.

லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர் செய்வதும் இந்த வகைதான். கத்தியை விட்டுவிட்டு, ஸ்டீலை 2.5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, ஊசல் மெஷினில் உடைக்கிறார். எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டு முறிந்தது என்று எண் வருகிறது. வடிவம் எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதால் ஸ்டீலை ஸ்டீலோடு ஒப்பிட முடிகிறது. வீடியோக்காரரின் கை, முதல் கத்திக்கு அடித்த அடியும் பத்தாவது கத்திக்கு அடித்த அடியும் ஒன்றா? ஆணி வெட்டும்போதே உள்ளே விட்ட விரிசலால் முறிந்ததா, சம்மட்டியால் முறிந்ததா? ஒரே ஒரு கத்தியை வைத்து அந்தக் கம்பெனியின் எல்லாக் கத்திக்கும் எப்படி மார்க் போடுவது? (உருக்குக்கு உருக்கு அடித்தால் சில்லு கண்ணுக்குப் பறக்கும். பாதி வீடியோக்களில் கண்ணாடி கூடப் போடுவதில்லை. இதைப் பார்த்து வீட்டில் முயல்கிற பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.)

ஒரு இடத்தில் மட்டும் மச்சான் கட்சிக்குப் போய்விடுகிறேன். 'உடையவே உடையாது', 'கதவை நெம்பலாம்', 'ராணுவத் தரம்' என்று சொல்லி ஒருவர் கத்தி விற்றால், அதை நெம்பியும் அடித்தும் முறித்துக் காட்டுவது முழு நியாயம். அவரே விட்ட சவால் அது. உயிரை நம்பி எடுத்துப் போகிற பொருளுக்கும் அப்படியே. 1885-இல் சூடானில் அபு க்ளியா சண்டையில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பயனெட்கள் (துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக் கத்திகள்) வளைந்துபோய் அவர்கள் நாட்டில் பெரிய ரகளையானது. அந்தப் பயனெட்டைப் பட்டறையிலேயே யாராவது ஒழுங்காக வளைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

என் கத்தியில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த சீட்டில் எலும்பு, உறைந்த கறி இரண்டின் படத்துக்கும் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டிருந்தது. மச்சான் அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். "சீட்டைப் படிச்சுட்டா கறி வெட்டுவாங்க?" என்றார்.

அந்த மூன்று மில்லிமீட்டரைச் சரி செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பல் மறையும் வரை மொத்த வாயையும் கல்லில் தேய்த்து இறக்க வேண்டியிருந்தது. அகலம் குறைந்து கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது, ஆனால் வெங்காயம் இன்னும் கண்ணீர் வராமல் நறுக்குகிறது. மச்சான் இந்தத் தீபாவளிக்கும் வருகிறார். அருவாளைச் சாணை பிடித்து வைத்துவிட்டேன். கத்தி பீரோவில் இருக்கிறது, சாவி மனைவியிடம்.