2020 போரில் ரஷ்யா ஒப்பந்தத்தை மீறியதா?

"ஆர்மீனியாவைக் காப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, 2020 கராபாக் போரில் ரஷ்யா அதை மீறியது" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. இது சரியல்ல. ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ-கராபாக் (சுருக்கமாக கராபாக்) பகுதிக்காக ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிய போர் அது. ரஷ்யாவும் ஆர்மீனியாவும் சேர்ந்திருந்த ராணுவக் கூட்டணியான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பில், தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவும் கடமை உறுப்பு நாட்டின் எல்லைக்குள்தான் பொருந்தும். நகோர்னோ-கராபாக்கோ சர்வதேசச் சட்டப்படி அஜர்பைஜானின் பகுதி, 1993இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானங்களும் அப்படித்தான் சொன்னன, ஏன், அங்கே அமைந்த தனிக் குடியரசை ஆர்மீனியாவே முறைப்படி அங்கீகரித்ததில்லை. சண்டை ஆர்மீனிய மண்ணில் நடக்கவில்லை என்று புதின் அப்போதே சொன்னார்.

அதற்காக ரஷ்யா மேல் தவறே இல்லை என்றும் ஆகிவிடாது. பல ஆண்டுகளாக இரு தரப்புக்கும் ஆயுதம் விற்ற நாடு அது. 2022 செப்டம்பரில் அஜர்பைஜான் ஜெர்முக் நகரம் உட்பட ஆர்மீனிய எல்லைக்குள்ளேயே தாக்கியபோது உதவி கேட்டும் படை வரவில்லை, ஆய்வுக் குழுதான் வந்தது. அப்போது ஆர்மீனியப் பிரதமராக இருந்த பாஷின்யானின் கோபத்துக்கு நியாயமான இடம் இதுதான். அப்புறம் 2023 செப்டம்பரில், 2020 போருக்குப் பின் நிறுத்தப்பட்ட ரஷ்ய அமைதிப்படை அங்கேயே இருக்க, அஜர்பைஜானின் ஒரே நாள் தாக்குதலில் கராபாக் வீழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள் சில நாட்களில் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.