எத்தனை வருஷம் வெச்சிருப்பே?

போன வாரம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, கார் வாங்கலாம்னு இருக்கேன். புதுசு வாங்கவா, பழசு வாங்கவா?"

"எத்தனை வருஷம் வெச்சிருப்பே?" என்றேன்.

"அதெப்படிண்ணே இப்பவே சொல்றது?" என்று இழுத்தான். நிறம், மைலேஜ், சன்ரூஃப் என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவனுக்கு மற்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி வந்து படியுங்கள்.

ஒரு காரின் புது விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ப் பணமாகவும் இருக்கட்டும். ஷோரூமை விட்டு வெளியே வந்த முதல் வருஷத்தில் சுமாராக 20 காணாமல் போகும். மூன்று வருஷம் முடியும்போது 60 பக்கம் நிற்கும். பத்து வருஷம் கழித்து 20 கிடைத்தால் நல்ல விலை. மாடலுக்கு மாடல் இது மாறும், அதனால் உங்கள் பக்கத்து விற்பனை விளம்பரங்களைப் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். போக்கு ஏறக்குறைய இதுதான்: முதலில் செங்குத்தாக விழும், அப்புறம் மெதுவாகச் சரியும்.

இப்போது மூன்று பேர். முதல் ஆள் புதுசு வாங்கி மூன்றாம் வருஷம் விற்கிறார். 40 போச்சு, வருஷத்துக்கு 13-க்கு மேல். இரண்டாம் ஆள் அதே புதுக் காரைப் பத்து வருஷம் ஓட்டுகிறார். 80 போச்சு, வருஷத்துக்கு 8. மூன்றாம் ஆள், முதல் ஆள் விற்ற காரை 60-க்கு வாங்கி மீதி ஏழு வருஷம் ஓட்டி 20-க்குத் தள்ளிவிடுகிறார். 40 போச்சு, வருஷத்துக்கு 5.7.

இந்த மூன்று எண்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள். ரொம்ப நாள் வைத்திருக்கும் இருவருக்குள், புதுசு வாங்கியவருக்கும் பழசு வாங்கியவருக்கும் இடைவெளி 2.3. புதுசு வாங்கிய இருவருக்குள், சீக்கிரம் விற்றவருக்கும் கடைசிவரை ஓட்டியவருக்கும் இடைவெளி 5-க்கு மேல். நாம் வருஷக்கணக்காக வாதாடுவது சின்ன இடைவெளியைப் பற்றி. பெரிய இடைவெளியைப் பற்றி வீட்டில் பேச்சே வருவதில்லை.

இன்னொன்று. அந்த 2.3 முழுசாகப் பழைய கார்க்காரர் பையில் விழாது. ஏழு வருஷத்துக்குச் சேர்த்தால் 16. அதிலிருந்துதான் கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏ.சி. கம்ப்ரஸர், வாரண்டி இல்லாத மற்ற எல்லாம். சரியான வண்டி அமைந்தால் அந்த 16-இல் பாதிக்கு மேல் மிஞ்சும். தப்பான வண்டி அமைந்தால் அதற்கு மேலேயும் போகும்.

கடனில் வாங்குபவர்களுக்கு ஒரு பத்தி. பழைய காருக்குப் பெரும்பாலும் வட்டி கூடுதல், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "வெறும் 7 சதவீதம் சார்" என்று சொன்னால், ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால், மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசித் தவணை வரை முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி. ஐந்து வருஷக் கடனில் 7 சதவீதம் ஃபிளாட் என்பது, குறையும் அசல் கணக்கில் ஏறக்குறைய 12.5 சதவீதம். சொன்னது பொய் இல்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஓடாத புதுக் காருக்கும் ஒரு மாசம் ஓடிய காருக்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? இயந்திரம் ஒரு மாசத்தில் தேய்ந்துவிடவில்லையே? ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின, நான்காவது இதழ்தான் போட்டது. 2001-இல் அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து நோபல் கிடைத்தது. அவர் சொன்னது சுருக்கமாக: வண்டியின் வண்டவாளம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டுக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், தன்னிடமே வைத்துக்கொள்வார். சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். அமெரிக்கப் பேச்சுவழக்கில் மோசமான காருக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர், ஏனென்று கேட்காதீர்கள்.

என் முதல் கார் அந்த ரகம். மீட்டரில் 38,000 கிலோமீட்டர். விற்றவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வண்டி கழுவித் துடைத்து, டயருக்குக்கூடப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. பிரேக் பெடலின் ரப்பரில் கோடுகளே இல்லை, வலது ஓரம் வழவழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. டிரைவர் சீட்டின் ஏறி இறங்கும் பக்க விளிம்பு அமுங்கிக் கிடந்தது. ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் கொடுமை. மனசு முழுக்க வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால், கண்ணில் பட்டது மூளைக்குப் போகவில்லை.

நாலாம் மாசம் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் கீழே குனிந்து அந்தப் பெடல் ரப்பரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இது முப்பத்தெட்டாயிரமா சார்? ஒரு லட்சத்துக்குக் குறையாது."

சூடு பட்டவன் என்ன செய்வான்? அடுத்தது புதுசு. பிளாஸ்டிக்கும் பசையும் சீட் நுரையும் சேர்ந்து ஆவியாக விடும் அந்த வாசனையைப் போய் நாம் எவ்வளவு கொண்டாடுகிறோம்! முதல் கீறல் விழுந்த அன்று நான் சாப்பிடவில்லை. அதைவிட வேடிக்கை, குடும்பம் பெரிதாகி வண்டி போதாமல் மூன்றாம் வருஷமே அதை விற்க வேண்டி வந்தது. மேலே சொன்ன முதல் ஆள் கணக்கு ஏதோ கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 13-ஐ நான் கட்டியிருக்கிறேன்.

மூன்றாவது வண்டி, வாங்கும்போது நாலு வருஷப் பழசு. எட்டு வருஷமாக அதுதான் ஓடுகிறது. இந்தத் தடவை அதே மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அரை நாள் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். போனதும் பானட்டில் கையை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. சூடாக இருக்கும் எஞ்சின் பல வியாதியை மறைத்துவிடுமாம். ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. அப்புறம் ஒரு காரியம் செய்தார், நான் அதுவரை பார்த்ததே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். முழு நீளமும் வெளியே வந்ததும் அடி நுனியை விரலால் தேய்த்து முகர்ந்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சீட்டை மாற்றுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள், பெல்ட்டின் சுருளுக்குள் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்களாம்.

கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்று மட்டும் வேறு கம்பெனி, வேறு வருஷம் என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்த டயர். கோடு ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயசு உண்டு, பத்து வருஷத்துக்கு மேல் போன டயரில் குழந்தைகளை ஏற்றக் கூடாது.

கடைசியாக, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். கோளாறு எதுவும் காட்டவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். அவர் படவில்லை. வாங்க ஆள் வருகிறது என்றதும் முதல் நாள் ராத்திரி எச்சரிக்கை விளக்கை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். அழித்தால் கூடவே வண்டியின் சுயபரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். மறுபடி முடிய நாள் கணக்கில் ஓட்ட வேண்டும். அவை முடிந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டினார்.

டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று அவர் கேட்டதையும் சொல்ல வேண்டும். பல எஞ்சின்களில் இந்த ரப்பர் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷக் கணக்குக்கு அதை மாற்றியே ஆக வேண்டும். "வீட்லயே நின்ன வண்டி சார்" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நின்ற வண்டியில் பேட்டரி செத்திருக்கும், ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும். சர்வீஸ் ரசீதுகளோடு ஒழுங்காக ஓடிய வண்டியே எனக்கு மேல்.

திரும்ப அழைக்கப்பட்ட மாடலா என்பதை 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை, இதைச் சோம்பலால் விடாதீர்கள். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக் விவகாரம் ஞாபகம் இருக்கும். சூட்டிலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கிடந்த வெடிமருந்து கெட்டுப்போய், விபத்தில் ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் ஓட்டுபவர் மேல் பாய்ந்தன. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், கம்பெனி 2017-இல் திவாலானது. இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லியும் போகாத ஓனர்கள் உண்டு. அப்படி ஒருவரின் வண்டி உங்களிடம் வந்து சேரலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு "எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை இல்லை" என்று தோன்றுகிறவர்கள் தயவுசெய்து புதுசே வாங்குங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. புதுக் காருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு, இந்த அரை நாளையும் இதன் கவலையையும் வேறொருவர் தலையில் ஏற்றுவதற்கான கூலி. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள், வண்டி நின்றால் அன்றைய வருமானமே நிற்கும் என்கிறவர்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் மாற்றவே மாட்டேன் என்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கூலி நியாயமானது. மூன்று நாலு வருஷத்தில் மனசு மாறும் ஆள் என்று தன்னைத் தெரிந்தவர் கொடுத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பழசு வாங்குபவர் ரொம்பப் பழசுக்கும் போகக் கூடாது. வழுக்கும் திருப்பத்தில் வண்டி நிலைதடுமாறாமல் ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக்கைத் தானே பிடிக்கும் மின்னணு நிலைப்பாட்டுக் கருவியை அமெரிக்கா 2012 மாடல் கார்களிலிருந்தே கட்டாயமாக்கிவிட்டது, ஐரோப்பா 2014-இல். அது இல்லாத வண்டியை மலிவு என்பதற்காக நான் வாங்க மாட்டேன். சன்ரூஃப் இல்லாவிட்டால் யாரும் சாவதில்லை.

மின்சாரக் கார் பற்றிக் கேட்பீர்கள். விலைச் சரிவு அதில் பொதுவாக இன்னும் வேகம், பழசு வாங்குபவருக்கு அது லாபம். பேட்டரியின் மிச்சத் திறன் எத்தனை சதவீதம் என்று அளந்து எழுதிக் கொடுத்தால் மட்டும். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அதில் எத்தனை வருஷம் மிச்சம், அடுத்த ஓனருக்கும் செல்லுமா என்று பாருங்கள்.

2021-ஐ ஞாபகப்படுத்தி யாராவது கமென்டில் வருவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சிப் தட்டுப்பாட்டில் புதுக் கார் கிடைக்காமல், சில இடங்களில் லேசாக ஓடிய கார் புதுசை விட அதிக விலைக்குப் போனது. அந்த மாதிரிக் காலத்தில் என் 100, 60, 20 எல்லாம் குப்பை. அப்போது இருக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு சும்மா இருப்பதே நல்லது.

சித்தப்பா மகன் நேற்று மறுபடி பேசினான். "ஏழு வருஷம் வெச்சுக்குவேன்ணே. ஒரு பழைய கார் பார்த்திருக்கேன், மூணு வருஷம், 23,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு." அங்கிருந்தே டயர் படம் அனுப்பினான். நாலும் போன வருஷம் செய்தவை, ஒரே வாரம்.

"இருபத்து மூணாயிரத்துக்கு எதுக்குடா நாலு டயரும் மாத்தியிருக்காங்க?" என்றேன்.

கேட்டுவிட்டு வந்தான். "பாதுகாப்புக்குன்னு சொல்றார்ணே."

"பெடலைப் படம் எடுத்து அனுப்பு."

இரண்டு நிமிஷத்தில் வந்தது. மூன்று பெடலிலும் ரப்பர் கன்னங்கரேலென்று, கோடெல்லாம் கத்தி மாதிரி, புத்தம் புதுசாக இருந்தது.

கிளம்பி வந்துடு என்று அனுப்பினேன்.