சவுக்கை எடுத்துக் கொடுத்த சிறுவன்

1818 டிசம்பர் 17. தென் மெக்சிகோவின் மலைகளுக்கு நடுவே இருக்கும் கெலத்தாவோ என்ற சிற்றூரிலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டைவிட்டு ஓடிப்போனான். அன்றிரவே வஹாக்கா நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். அங்கே ஒரு பெரிய வீட்டில் அவனுடைய அக்கா சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தாய்மொழி சபோதெக் என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷ் பேச வராது. அந்த மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் ஓடினான். பெனிட்டோ ஹுவாரெஸ் என்ற அந்தச் சிறுவன் 1858இல் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரானார்.

தன் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த குறிப்புகளில் அவர் ஒன்றைச் சொல்கிறார். பெற்றோரை இழந்த அவரை வளர்த்தவர் சித்தப்பா. சித்தப்பாவுக்கு ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். ஓய்வு கிடைக்கும்போது வாசிக்கச் சொல்லிக் கொடுப்பார். பாடம் படிக்கப் போகும்போது, படிக்கவில்லையென்றால் அடிப்பதற்கான சவுக்கைச் சிறுவனே எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவின் கையில் கொடுப்பானாம்.

இந்த ஒரு காட்சி பல நாட்களாக என்னை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டில் ஸ்பானியச் சிப்பாய் எவனும் இல்லை. பாதிரியாரும் இல்லை. இருந்தவர்கள் ஒரு சித்தப்பாவும் ஓர் அநாதைப் பையனும் மட்டுமே.

மொழி அரசியல் பேசும்போதெல்லாம் நம்மவர்கள் லத்தீன் அமெரிக்காவை எடுத்துக்காட்டுவார்கள். ஸ்பானியர்கள் வந்தார்கள், வாளை எடுத்தார்கள், அங்கிருந்த மொழிகள் அழிந்தன என்று மூன்றே வரிகளில் முடித்துவிடுவார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி நமக்கு இன்னும் நெருக்கமானது என்பதால்தான் இந்தப் பதிவு.

படையெடுப்பின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அம்மையும் மற்ற கொள்ளை நோய்களும் கட்டாய உழைப்பும் கொன்ற உயிர்களுக்குக் கணக்கே இல்லை. கரீபியன் தீவுகளின் தைனோ மொழி பேச ஆளில்லாமல் போனது. 1562இல் மெக்சிகோவின் யுகதான் பகுதியின் மானி என்ற ஊரில் தியேகோ தே லாந்தா என்ற துறவி மாயா மக்களின் ஏடுகளைக் குவித்து எரித்தார். இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நான்கே நான்கு. இதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அதே காலத்தில், அதே பேரரசுக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. மதத்தைப் பரப்ப வந்த துறவிகள், மக்களுக்கு ஸ்பானிஷ் கற்பிப்பதைவிடத் தாங்கள் அவர்களின் மொழியைக் கற்பது எளிது என்று கண்டுகொண்டார்கள். மெக்சிகோவை முன்பு ஆண்ட அஸ்தேக்குகளின் நாவாட்ல் மொழிக்கு ஆந்த்ரேஸ் தே ஓல்மோஸ் 1547இல் இலக்கணம் எழுதி முடித்தார். பெருவை ஆண்ட இன்காக்களின் கெச்சுவா மொழிக்கு 1560இல் இலக்கணம் அச்சேறியது. ஆங்கில மொழியின் முதல் இலக்கணம் 1586இல்தான் அச்சில் வந்தது! நம் கதையும் இதே காலத்தில் இதே வழியில் வந்ததுதான். என்றீக்கே என்றீக்கசு என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். அவர் நோக்கம் மதம். நமக்குக் கிடைத்தது அச்சு.

1570இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் நாவாட்ல் மொழியையே, அன்று புதிய ஸ்பெயின் எனப்பட்ட மெக்சிகோவின் பழங்குடி மக்களுக்கான அலுவல் மொழியாக ஏற்றார். ஊர்களுக்குச் சொந்தச் சபைகள் இருந்தன. உயில், நிலப் பத்திரம், வழக்கு மனு எல்லாம் நாவாட்ல் மொழியில், ரோமன் எழுத்தில் எழுதப்பட்டன. அவை இன்றும் ஆவணக் காப்பகங்களில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பழங்குடியினரின் வழக்குகளைக் கேட்பதற்கென்றே மெக்சிகோ நகரில் தனி நீதிமன்றம் இருந்தது. தாழ்த்தி வைக்கும் ஏற்பாடுதான் அது, சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒருவன் தன் மொழியில் நிலத்தை எழுதி வைக்க முடிந்தது.

அந்த மொழிகளை ஒழித்துவிட்டு ஸ்பானிஷ் மட்டுமே பேசப்பட வேண்டும் என்ற அரச ஆணை 1770இல்தான் வந்தது. அதற்குள் ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்து ஏறக்குறைய 250 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அதன் பிறகும் அங்கே பேரரசுக்கு அரை நூற்றாண்டு ஆயுள்தான் மிச்சம். 1821இல் மெக்சிகோ விடுதலை அடைந்தபோது, அந்நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பழங்குடி மொழிகளையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

2020 கணக்கெடுப்பின்படி அவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்.

இந்தச் சரிவு முழுவதும் நிகழ்ந்தது ஸ்பெயின் வெளியேறிய பிறகு. விடுதலை பெற்ற குடியரசு எல்லோரும் சமம் என்றது. சமம் என்றதால் தனிச் சபைகளும் தனி நீதிமன்றமும் போயின. ஆகவே நாவாட்ல் பத்திரத்துக்கு மதிப்பில்லாமல் போனது. பின்னர் ஊர்ப் பொது நிலங்களைப் பிரித்து விற்க வைத்த சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் ஹுவாரெஸின் சொந்தக் கட்சியினர். நிலம் போனவன் பிழைப்பு தேடிப் பண்ணைக்கும் நகரத்துக்கும் போனான்; அங்கே கூலி கேட்கும் மொழி ஸ்பானிஷ். 1921இல் மெக்சிகோவில் கல்வி அமைச்சகம் உருவானது. மலைக்கிராமங்கள் வரை பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்த ஆசிரியர்கள் உண்மையிலேயே ஏழைகள்மீது அக்கறை கொண்டவர்கள். நாட்டை ஒன்றாக்க வேண்டும், பிள்ளைகளை முன்னேற்ற வேண்டும் என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கையோடுதான் வகுப்பில் சபோதெக் பேசிய பிள்ளையை அடித்தார்கள். அடிபட்ட பிள்ளை வளர்ந்து தாயானபோது தன் குழந்தையிடம் ஸ்பானிஷில் மட்டும் பேசினாள். தான் பட்டது குழந்தை படக்கூடாது என்ற அன்பு அது. ஒரு மொழி இப்படித்தான் வீட்டுக்குள்ளிருந்து வெளியேறுகிறது.

நான் படித்த பள்ளியில், வகுப்பில் தமிழ் பேசினால் ஐம்பது காசு அபராதம். யார் பேசினார்கள் என்று எழுதி வைக்க ஒரு மாணவன் இருப்பான். ஒரு பருவம் முழுவதும் அந்தக் குறிப்பேடு என் கையில் இருந்தது. என் பக்கத்து இருக்கைத் தோழனின் பெயரை நானே எழுதினேன். அவனிடம் காசில்லாமல் அன்று மதியம் முழுவதும் நின்றுகொண்டே இருந்தான். அபராதம் விதித்த ஆசிரியை வீட்டுக்குப் போய்த் தமிழ் வார இதழ் படிப்பவர்தான், எங்கள்மீது அவ்வளவு பிரியமாக இருந்தவர்தான். ஹுவாரெஸின் சவுக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் குறிப்பேட்டின் நீல அட்டை நினைவுக்கு வந்தது.

ஸ்பானிஷ் மொழியின்மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. அதுவும் இதே அடியை வாங்கியிருக்கிறது. 1848இல் மெக்சிகோவின் பெரும் நிலப்பரப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. டெக்சாஸ் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டிருந்தது. அந்த மண்ணில் ஸ்பானிஷ் பேசியவர்கள் ஒரே தலைமுறைக்குள் சொந்த ஊரில் அந்நியர்களானார்கள். மேற்கு டெக்சாஸில் மார்ஃபா என்ற சிறு நகரம். அங்கே மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பிளாக்வெல் பள்ளி. 1954இல் அப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் காகிதத் துண்டுகளைக் கொடுத்து, இனி ஸ்பானிஷ் பேசமாட்டோம் என்று எழுதச் சொன்னார்கள். துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்கு அருகே குழி தோண்டிப் புதைத்தார்கள். 'மிஸ்டர் ஸ்பானிஷ்' என்பவருக்கு இறுதிச் சடங்கு என்று அதற்குப் பெயர்.

வஹாக்கா மலையில் சபோதெக் பிள்ளையின் முதுகில் சவுக்காக விழுந்த மொழி, எல்லைக்கு வடக்கே சவப்பெட்டிக்குள் கிடந்தது. இரண்டு இடத்திலும் காரியத்தை முடித்தது பள்ளிக்கூடம்தான்.

வேறு வழியும் இருந்திருக்கிறது. தென் அமெரிக்க நாடான பராகுவேயில் பழங்குடியினர் அல்லாதவர்களும் குவாரானி என்ற பழங்குடி மொழியைப் பேசுகிறார்கள். அந்நாட்டு நாணயத்தின் பெயரே குவாரானி. அங்கேயும் பள்ளிகளில் அதைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் வீடும் சந்தையும் அந்த மொழியை விடவில்லை. 1992 அரசியல் சாசனம் அதை ஸ்பானிஷுக்குச் சமமான அலுவல் மொழியாக்கியது. மெக்சிகோவும் 2003இல் பழங்குடி மொழிகளைத் தேசிய மொழிகள் என்று சட்டத்தில் எழுதியது. ஆனால் சட்டம் எழுதப்பட்டபோது பல ஊர்களில் அந்த மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் பாட்டிகள் மட்டுமே.

மார்ஃபாவில் அந்தச் சடங்குக்கு நின்ற பிள்ளைகள் முதியவர்களான பிறகு, 2007இல், பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள். அடையாளச் சடங்காக மண்ணைத் தோண்டி ஒரு ஸ்பானிஷ் அகராதியை வெளியே எடுத்தார்கள். பிறகு அதை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்கள்.