ஆன்லைன் சான்றிதழைப் பற்றி அந்தக் குழுவில் பேசியவர்களுக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் எனக்கும் வந்தது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்துகொண்டே இருந்தது. "ஆன்லைன்ல கோர்ஸ் முடிச்சவங்க கையில நம்ம பிள்ளையைக் கொடுத்துட்டு நிம்மதியா இருக்க முடியுமா?" என்று ஒருவர் கேட்க, கீழே வரிசையாக லைக். அவர்கள் பேசியது, ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னோடு வேலை செய்யும் ஓர் உதவி ஆசிரியையைப் பற்றி. பகலெல்லாம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் மடிக்கணினியைத் திறந்து படித்து வாங்கிய சான்றிதழ் அது. அதைப் போய் "உட்கார்ந்த இடத்துல வாங்கினது" என்று எழுதிவிட்டார்கள்.

நானும் அப்படிப் படித்தவள்தான், அதனால் வலிக்கிறது. கோபத்தைக் கொஞ்சம் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆன்லைனில் படித்ததில் ஒரு குறையும் இல்லை. படித்ததைப் பிள்ளையோடு செய்துபார்க்கும்போது, கவனித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போகிறதே, குறை அங்கேதான் இருக்கிறது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

2020-ல் கொரோனாவுக்காகச் சிங்கப்பூரில் வந்த கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம் நினைவிருக்கிறதா? ஏப்ரல் 7-லிருந்து ஜூன் 1 வரை ஊரே அடைந்து கிடந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் செய்துவந்த பயிற்சியெல்லாம் திரைக்குப் போனது. பூன் லே பக்கம் ஒரு வீடு. அப்பா, அம்மா இரண்டு பேரும் வெளியே போயே ஆக வேண்டிய வேலை, பேரனைப் பாட்டிதான் பார்த்துக்கொண்டார். பையனுக்குப் பேச்சு இல்லை, கேட்டது கிடைக்காவிட்டால் தலையைத் தரையில் மோதுவான். பேச்சு சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் பாட்டிக்குத் தமிழில் சொல்வேன். உள்ளே இருப்பது தெரிகிற, அவனால் திறக்க முடியாத டப்பாவில் முறுக்கைப் போட்டு அவன் முன்னால் வைக்கச் சொன்னோம். எதுவும் பேசாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றோம். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை, பசிக்குதோ என்னவோ என்று மூடியில் கைவைத்துவிட்டார். "இருங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்றோம். அவன் டப்பாவை உருட்டினான், கடித்தான், கடைசியில் தூக்கிக்கொண்டுவந்து பாட்டி கையில் வைத்தான். "கேட்டுட்டான், இப்பவே திறங்க!" பாட்டி திறந்தார், "முறுக்கு" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லி ஒரு சின்னத் துண்டைக் கொடுத்தார். துண்டு சின்னதாக இருந்தால்தான் மறுபடியும் வந்து கேட்பான்.

இதெல்லாம் ஸூமில் நடந்தது. சிகிச்சையாளர் அந்த வீட்டுப் படியைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அந்த நொடியில் பாட்டியையும் பையனையும் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் வேலை நடந்தது.

நேரில் படிப்பதற்கு ஈடாகுமா என்று கேட்கிறீர்கள். யார் ஈடாகும் என்று சொன்னது? சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் தேசியக் கல்விக் கழகத்தில் டிப்ளோமா படிக்கிறார்கள், பள்ளியில் நேரடிப் பயிற்சியும் அதில் உண்டு. நல்ல படிப்பு. ஆனால் இந்த ஊரில் சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். அப்படியென்றால் கணக்கு ஆசிரியருக்கும் தெரிய வேண்டும், தமிழாசிரியருக்கும் தெரிய வேண்டும், பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையத்து அக்காவுக்கும் தெரிய வேண்டும். அத்தனை பேரையும் வேலையை விட்டு எழுப்பிக் கொண்டுபோய் ஓர் அரங்கத்தில் உட்காரவைக்க முடியுமா? கல்வி அமைச்சே ஆசிரியர்களுக்கு இதையெல்லாம் சின்னச் சின்னப் பாடங்களாக இணையத்தில் தருகிறதே.

வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் துணி மடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். அரங்கத்தில் கடைசி வரிசையில் கைத்தொலைபேசி பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் பேசிய அந்த உதவி ஆசிரியை, என் தோழி, படித்த கோர்ஸில் என்ன செய்தார்கள் தெரியுமா? பெற்றோரின் சம்மதத்தோடு அவர் தன் வகுப்பைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். பயிற்றுநர் அவரோடு சேர்ந்து பார்ப்பார், நடுவில் நிறுத்துவார், "இந்த இடத்துல பிள்ளையோட கை என்ன செய்யுது?" என்று கேட்பார். அழுகை தொடங்குவதற்கு முன்னால், பிள்ளையின் விரல், தண்ணீர் வேண்டும் என்று காட்டுவதற்கான படம் போட்ட அட்டைப் பக்கம் நகர்ந்திருக்கும். ஆறு பிள்ளைகள் ஓடுகிற வகுப்பில் அது யார் கண்ணிலும் படாது. திரையில் நிறுத்திப் பார்த்ததால் பட்டது. இதைத்தான் நீங்கள் "உட்கார்ந்த இடத்துல" என்கிறீர்கள்.

அப்புறம் கோர்ஸ் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்து பார்க்க யாரும் வரமாட்டார்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், கற்றதை மூத்த ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வாரத்தில் அரை மணி நேரம் கேட்டேன். "உங்க சொந்த நேரத்துல பண்ணிக்கங்க" என்றார்கள். 2019-ல் கட்டாயக் கல்வி இந்தப் பிள்ளைகளுக்கும் வந்தபோது எல்லாரும் கைதட்டினோம். சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிடும். உள்ளே இருக்கிற ஆளுக்கு நேரம் கொடுப்பது யார்? அந்தக் குழுவில் ஒருவராவது இதைக் கேட்டீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதே குழுவில்தான் போன வருஷம் ஓர் அம்மாவிடம் "வீட்ல தமிழை நிறுத்துங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பிள்ளைக்குக் குழப்பம்" என்று ஆளாளுக்கு அறிவுரை சொன்னீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது பாட்டி, அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழை நிறுத்தினால் அந்தப் பிள்ளையோடு பேச யார் இருக்கிறார்கள்? ஆங்கிலத்தில் எவ்வளவோ பயிற்சி இருக்கிறது, இந்தப் பாட்டிகளுக்குத் தமிழில் யார் சொல்லிக்கொடுப்பது? முழங்கால் வலியோடு எம்ஆர்டி ரயில் ஏறி அவர்கள் எங்கேயும் வரமாட்டார்கள். அவர்களுக்கும் திரை வழியாகத்தான் சொல்ல முடியும்.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. வாய் திறந்து சொல்லத் தெரியாத பிள்ளையை இன்னொருவர் கையில் விட்டுப் போவது சாதாரண விஷயமா? பயந்தால் கேள்வி கேளுங்கள், கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் குழுவில் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டுக் கேட்காதீர்கள். நிலையத்தின் பொறுப்பாளரிடம் போய், உங்கள் ஊழியர்கள் படித்துவிட்டு வந்த பிறகு வகுப்பில் அவர்களோடு உட்காருவது யார், வாரத்தில் எந்த நாள், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கே சண்டை போடுங்கள், கூப்பிட்டால் நானும் வருகிறேன்.