ஆல்டோ என்றால் உயரம்

பதினோரு வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். சேர்ந்த அன்று, "உனக்கு மேலே எட்டாதும்மா, ஆல்டோவில் போய் நில்லு" என்றார் குழுத் தலைவர். எட்டாதவர்களை நிறுத்தும் வரிசை அது என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆல்டோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு 'உயரமான' என்றுதான் பொருள்.

15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தேவாலய இசையில் மூல மெட்டைத் தாங்கிப் பிடித்த குரல் டெனர். லத்தீனில் 'டெனேரே' என்றால் பிடித்திருப்பது. அதற்கு எதிரே ஓடிய குரல் கொன்ட்ராடெனர். அப்புறம் அதுவே இரண்டானது: டெனருக்கு மேலே போனது ஆல்டுஸ், கீழே போனது பாஸுஸ். இத்தாலியில் இவை ஆல்டோ, பாஸோ. பாடியவர்கள் ஆண்களும் சிறுவர்களும்தான். பெண்களுக்கு அந்தக் குழுக்களில் பெரும்பாலும் இடமில்லை. வளர்ந்த ஆணுக்கு ஆல்டோ உச்ச ஸ்தாயி. பிற்பாடு பெண்கள் அதே வரிகளைப் பாட வந்தபோது, அவை அவர்கள் குரலின் அடிப்பக்கத்தில் விழுந்தன. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்தச் சொல்லை ஜெர்மானியர்கள் வால் நறுக்கி 'ஆல்ட்' என்கிறார்கள். பிரெஞ்சில் வயோலா வாத்தியத்துக்கே ஆல்டோ என்று பெயர்.

பெண்களின் மேல்குரலான சோப்ரானோ பாடுகிறவர்களுக்கு மெட்டு கைகொடுக்கும், சபையே கூடச் சேர்ந்து பாடும். பக்கத்தில் அந்த மெட்டு காதைப் பிடித்து இழுக்கும்போது, ஒரே சுரத்தில் நாலு மாத்திரை அசையாமல் நிற்பது ஆல்டோவின் வேலை. அதற்குக் காது வேண்டும், பொறுமை வேண்டும். குரல் போதாதவர்களின் வேலை என்று அதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. கறுப்பினத்தவர் என்பதால் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கம் மறுக்கப்பட்ட அமெரிக்கப் பாடகி மேரியன் ஆண்டர்சன், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். எதிரே சுமார் 75,000 பேர். அவருடையது ஆல்டோவிலும் ஆழமான கான்ட்ரால்டோ குரல். அந்தப் பதிவைக் கேளுங்கள். அந்தக் குரலைப் பார்த்து 'எட்டாது' என்று யாரால் சொல்ல முடியும்?

போன மாதம் எங்கள் குழுவில் ஒரு பெண் சேர்ந்தாள். அவளிடமும் அதே வார்த்தை. முகம் வாடி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒத்திகை முடிந்ததும் உட்காரவைத்து ஆல்டுஸ் கதையை முழுசாகச் சொன்னேன். "அப்போ நாமதான் மேலேயாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.